எல்லப்பனை ஒப்படைக்க மாட்டேன்

கும்மிடிப்பூண்டி
10.8.2004

‘விசைப்பலகை’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்றே கருதுகிறேன். அடுத்தவர் வீட்டுக்குப் பாவத்தை இலவச இணைப்பாக அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்குகிறவர்களுக்கு உடல்நலம் பொதுவாக நன்றாகவே இருக்கும்.

நான் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். இங்குள்ள இரும்பு ஆலையொன்றில் இருபத்துநான்கு ஆண்டுகளாகப் பாதுகாப்பு அதிகாரி. என் கையெழுத்தை நம்பித்தான் ஆட்கள் இயந்திரத்துக்குள் கையை விடுகிறார்கள். இன்றுவரை ஒரு பொய்ச் சான்றிதழிலும் அது விழுந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைத் தாங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டுத் திருடனாக்கினீர்கள்.

ஆகஸ்டு இதழுடன் வந்த ‘கோட்டை அரசன்’ விளையாட்டுக் குறுந்தகட்டைத்தான் சொல்கிறேன். மூன்றாம் கட்டத்தில் ‘விதவையின் மாட்டைத் திருடு’, ‘கோயில் மாட்டைத் திருடு’ என்று இரண்டு பொத்தான்கள். விலைக்கு வாங்க வழியில்லை. கருவூலத்தில் நாலாயிரம் பொற்காசு தூங்குகிறது. எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அறுபது வரை எண்ணிவிட்டு விளையாட்டே மாட்டைத் திருடியது. ‘அரசே, தங்கள் நேர்மை பத்துப் புள்ளி குறைந்தது’ என்று எனக்கே அறிவித்தது.

ஏழாம் கட்டத்தில் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மறுபடியும் இரண்டே பொத்தான்கள், இம்முறை அறுபது எண்ணாமல் நான் அழுத்தும்வரை காத்திருக்கிறது: ‘வாயிற்காவலன் எல்லப்பனைக் குடும்பத்தோடு எதிரியிடம் ஒப்படை’, ‘தானியக் கிடங்கைக் கொளுத்து’. எல்லப்பன் யார் தெரியுமா? நான் கோட்டைக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நின்று, “சாப்பிட்டீங்களா, ராசா?” என்று கேட்கிறவன். என் வீட்டில் அந்தக் கேள்வி 1991-லேயே நின்றுபோயிற்று. எல்லப்பனை ஒப்படைக்க மாட்டேன் என்று அந்தக் கணமே முடிவு செய்தேன். வெளியேறலாம் என்றால், ‘வெளியேறினால் எல்லப்பன் இறந்ததாகக் கருதப்படும்’ என்று எழுத்து வருகிறது. ஆகவே ஒன்பது நாட்களாக எங்கள் கம்ப்யூட்டர் அணைக்கப்படவில்லை.

எங்கள் ஆலையில் ஓர் இயந்திரத்தை ஓட்டினால் ஆளுக்கு ஆபத்து என்றால், அதன் சுவிட்சில் சிவப்பு அட்டை கட்டிக் கையெழுத்திடுவோம். கட்டியவரே அவிழ்க்க வேண்டும், முதலாளியும் தொடக்கூடாது. அப்படியோர் அட்டையைக் கொண்டுவந்து மௌஸில் கட்டினேன்: ‘இயக்காதே. ஆள் உள்ளே இருக்கிறார்.’

என் மனைவி ஜோதிலட்சுமி அதைப் படித்தார். “உள்ள யாருங்க கீறாங்க?”

“எல்லப்பன்.”

“ஐயே! கம்பெனியிலதான் அட்ட கட்டிக்கினு திரியிறீங்கன்னு பாத்தா, ஊட்லயுமா?”

ஐந்தாம் நாள் மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் இருபது நிமிடமே தாங்கும். பக்கத்து வீட்டு அசன் முகைதீன் பழவேற்காட்டு இறால் வியாபாரி. இறால் பெட்டியைக் குளிராக வைக்க ஒரு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார். மதில் சுவரருகே நின்று கேட்டேன்.

“சார், அம்பது கிலோ எறா கீது உள்ள. ஒரு பொம்மைக்குக் கரண்டு கேக்குறீங்களே, நாயமா?”

“அவனுக்கு இரண்டு பிள்ளைகள், பாய்.”

“எனக்கு மூணு, சார்.” சொல்லிக்கொண்டே இறால் பெட்டியிலிருந்த ஒயரைப் பிடுங்கி இழுத்துக் கொடுத்தார். “பேஜாரு புட்ச்ச ஆட்டம் சார் இது. கெடங்கக் கொளுத்திட்டு நாஷ்டா துன்னப் போவீங்களா!”

மின்சாரம் மறுநாள்தான் வந்தது. இறாலின் மணம் இரண்டு தெருக்களில் இன்றும் வீசுகிறது. அதற்கும் தாங்களே பொறுப்பு.

என் கோரிக்கை ஒன்றுதான். ‘இரண்டையும் செய்ய மறுக்கிறேன்’ என்று மூன்றாவது பொத்தான் வேண்டும். எங்கள் ஆலையின் ஒவ்வோர் இயந்திரத்திலும் அது உண்டு. சிவப்பாக, உள்ளங்கை அகலத்தில். அழுத்தினால் எல்லாம் நிற்கும். கூலித் தொழிலாளிக்கு இருக்கிற பொத்தான் ஓர் அரசனுக்கு இல்லையென்றால் இது இன்னா சார் ராஜாங்கம்? மன்னிக்கவும், கோபத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. பொத்தான் வந்துசேரும்வரை, மாதங்கள் ஆனாலும், எல்லப்பனை ஒப்படைக்க மாட்டேன்.

தங்கள் இதழ் பல்லாண்டு வளரட்டும். குறுந்தகடு இல்லாமல் வளரட்டும்.

இங்ஙனம்,
சந்திரமோகன், எம்.எஸ்ஸி.,
பாதுகாப்பு அதிகாரி

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டபோது ஜோதிலட்சுமி கடிதத்தை வாங்கிப் படித்தார். “எல்லப்பனுக்கா இம்மாம் பெரிய லெட்டரு? அவன ரெண்டாம் நாளே குட்த்துட்டனே!” நான் ஆலைக்குப் போனதும் ஆடுவாராம், நான் திரும்புமுன் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடுவாராம். ஆட்டத்தை எந்த இடத்திலும் சேமிக்கும் முறை தங்கள் இதழின் 32-ஆம் பக்கத்திலேயே இருக்கிறதாம். அட்டை? “அவுக்கலியே, அதோடயேதான் ஆடிக்கினு இருந்தேன்.” எல்லப்பன்? “எதிரி ராஜா சமையக்கட்டுல சேத்துக்கினாரு. பொண்டாட்டி புள்ளைங்களோட கொழுகொழுன்னு கீறான்.” தான் சேமித்த ஆட்டத்தைப் போட்டும் காட்டினார். உண்மைதான், ஆளே இரட்டிப்பாகிவிட்டான். ஒன்பது நாட்களாக அந்தக் குடும்பத்தை முற்றுகைக்குள் பட்டினி போட்டவன் நானே. ஆகவே, மேலே ‘ஒப்படைக்க மாட்டேன்’ என்று வருமிடங்களில் எல்லாம் ‘உடனே ஒப்படைக்கிறேன்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளக் கோருகிறேன்.