குடில் புல்லும் மொட்டை மாடிப் பாசியும்

எனக்கு உயரமான இடம் என்றால் பயம். மாமனார் என்றால் அதைவிடப் பயம். இரண்டிடமும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டது முழுக்க என் சொந்த முயற்சி.

கல்யாணமாகி ரெட்டியார்பாளையம் மாமனார் வீட்டில் எனக்கு முதல் கிறிஸ்துமஸ். நான் கிராமத்து விவசாயக் குடும்பம், கும்பிடும் சாமியும் வேறு. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, மீசை அதிகம். எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கிவிடத் தவித்துக்கொண்டிருந்தேன்.

மழையில் மொட்டை மாடி முழுக்கப் பாசி. பண்டிகைக்கு இரண்டே நாள். அவர் வெளியே போன நேரம் பார்த்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு ஏறினேன். கீழே, மாடித் தண்ணீர் கொட்டும் குழாய்க்கு நேராக, இயேசு பிறப்புக் குடிலில் வைப்பதற்காக அத்தை கேழ்வரகு விதைத்து வளர்த்த புல் தட்டுகள். (“அதுல யாரும் கை வெக்கக் கூடாது!” அத்தையின் உத்தரவு.) கை வைக்காமலே காப்பாற்ற, ஏறுவதற்கு முன்பே தட்டுகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தேன். விவசாயி மகனல்லவா!

மாடியில் தவழ்ந்தபடியேதான் தேய்த்தேன். வழுக்கும்போதெல்லாம் இரண்டு வீட்டுச் சாமிகளையும் கூப்பிட்டேன். ஒருவழியாகத் தரை வெளுத்தது.

இறங்கிப் பார்த்தால், பிளீச்சிங் தண்ணீர் தார்ப்பாயில் குளமாகத் தேங்கியிருந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பெருமையோடு ஒரு முடிச்சை அவிழ்த்தேன். குளம் மொத்தமும் புல் மேல் கொட்டியது.

வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். அதற்குள் மாமனார் வந்து நேராக மாடிக்கு ஏறினார். இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“பாசி எங்க மாப்ள?”

“சுத்தம் பண்ணிட்டேன் மாமா.”

“பிரான்சுல குடிலுக்குப் பாசிதான் விரிப்பாங்க. அதுக்குத்தான் விட்டு வெச்சிருந்தேன். பரவால்ல, உங்க அத்த புல்லு இருக்கு” என்றார்.

நான் புல்லுக்கு இன்னொரு வாளி தண்ணீர் எடுக்க ஓடினேன்.

மறுநாள் காலை புல் வைக்கோல் நிறத்தில் படுத்திருந்தது. அத்தை கண் கலங்கினார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். மாமனார் தட்டுகளைத் தூக்கிப்போய்க் குடிலில் அடுக்கினார்.

“இயேசு பொறந்த வருஷம் பெத்லகேமுல மழ இல்லனு வெச்சிக்குவோம்.”

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் பார்க்க வருகிறவர்களிடம் பசும்புல்லைக் காட்டி மீசையைத் தடவிக்கொள்வார்: “இந்த வருஷம் வெளச்சல் நல்லாருக்கு. மாப்ளய மாடி ஏற விடல.”