வேனில் பரிமாறிய சாப்பாடு

என்னால் சும்மா நிற்க முடியாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால் போர்டில் உரிந்திருக்கும் பெயின்டைச் சுரண்டுவேன். அடுத்தவர் படிக்கும் பேப்பரின் மடிப்பை நீவிவிடுவேன். இப்படிப்பட்டவனைப் பெண் வீட்டார் முன்னால் காத்திருக்க விடவே கூடாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், அடுகோடியில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டும் கடையில் டிசைனராக இருந்தேன். சந்தாபுராவில் கேட்டரிங் நடத்திய தணிகாசலம் தன் மகள் உஷாவுக்கு என்னைப் பார்த்திருந்தார். வைட்ஃபீல்ட் ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகப் புது வேன் வாங்கியவர், அதற்குப் படம் ஒட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார். பையன் எப்படி என்று எடைபோடத்தான் என்பது எனக்குப் புரிந்தது. ஆயுத பூஜையன்று வேனுக்குப் பூஜை, கையோடு இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பது என்று ஏற்பாடு.

வேனின் இரண்டு பக்கமும் ஆளுயரத் தலைவாழை இலை போட்டேன். சாம்பார், பொரியல், அப்பளம், ஓரத்தில் பாயசம். பிரமாதமாக வந்திருந்தது (நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்). பிரிண்ட் வெளியே வந்ததே பூஜைக்கு முந்தின நாள்தான். "ஸ்வல்ப பொறுப்பா. மை நல்லா காயட்டும், மேல லேமினேஷன் போட்டுட்டு ஒட்டலாம்" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கடை ஓனர் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் ஒட்டும் ஆட்களை, இப்போதே ஒட்டச் சொல்லி நான் விரட்ட ஆரம்பித்தேன்.

வேனை எடுக்க வந்த தணிகாசலமே கேட்டார். "மேல கண்ணாடி மாதிரி ஒரு ஷீட் ஒட்டுவாங்களாமே தம்பி, அது வேணாமா?"

"அதெல்லாம் மார்க் ஷீட்டுக்குத்தான் மாமா" என்றேன். (மாமா என்று கூப்பிட அவர் இன்னும் அனுமதி தரவில்லை.) வெயில், மழை எதற்கும் அசையாத மை என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். "நீங்க சொன்னா சரி" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அவர் அப்படி நம்பியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் காலை வேனுக்கு மாலை, வாழைக்கன்று, பொட்டு எல்லாம் ஆயிற்று. ஐயர் மட்டும் வரவில்லை. எல்லோரும் நின்றோம். எல்லோராலும் நிற்க முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா, பாயசத்துக்குப் பக்கத்தில் தன் பங்கைப் போட்டுவிட்டுப் போனது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மட்டும் கை பரபரத்தது. டிரைவரிடம் பெட்ரோலில் நனைத்த துணி கேட்டு வாங்கித் துடைத்தேன்.

காக்கா போட்டது போனது. கூடவே பாயசமும் போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். சமன் செய்கிறேன் பேர்வழி என்று சுற்றிலும் துடைத்தேன். சாம்பார் பொரியலில் இறங்கியது. அப்பளம் காணாமல் போனது.

"கைய எடுங்க." உஷா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ரெண்டு கையையும் கட்டிட்டு ஓரமா நில்லுங்க."

கட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஐந்து விரலும் பதிந்தன. சமையல்காரர் வண்டியில், பூஜை நாளில், யாரோ சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன எச்சில் இலை. என் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

தணிகாசலம் வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார். "சாப்பாடு முடிஞ்சிருச்சு போல. இலைய எடுத்துருங்க தம்பி" என்றார்.

உஷாதான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அதற்குள் ஐயர் வர, வேனைத் திருப்பி நிறுத்தி, நல்ல இலை இருந்த பக்கம் பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு, இந்த இடம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார் தணிகாசலம்.

"ஏமாத்துற ஆளா இருந்தா, கல்யாணத்துக்கு அப்புறம்தான் சாயம் போயிருக்கும். இவரு நம்ம முன்னாடியே அழிச்சிக்காட்டிட்டாரு" என்றாளாம்.

நாள் குறித்தார்கள். அடுத்த வாரமே புதிதாக அச்சடித்து, மை காய்ந்த பிறகு, லேமினேஷன் போட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். இந்த முறை ஒட்டிய பாயசம் வேனை விற்கும்வரை அப்படியே இருந்தது. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் மாமனார் என் பக்கம் திரும்புவார். "மாப்ள, மெதுவா தொடைங்க. மை காஞ்சுதோ என்னமோ."

இப்போதெல்லாம் என் இலையை உஷாவே துடைத்துவிடுகிறாள். பாயசம் வரும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.