ராகுகாலம் வரைக்கும் ஒரு பிரசங்கம்

மயிலாப்பூர்,
பவ வருஷம், ஆனி மாதம்.

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு, அத்திம்பேர் சுவாமிநாதன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்காவும் குழந்தை அபயமும் உடம்பளவில் க்ஷேமம். மற்ற க்ஷேமங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கும்பகோணத்தில் கோர்ட்டு விட்டு வந்து, காபி குடித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு படி.

போன தீபாவளிக்கு நீ எனக்கு வேஷ்டிக்குப் பதிலாகப் பிரசங்கம் செய்யக் கற்றுத் தரும் புத்தகம் ஒன்றை அனுப்பினாய். "அத்திம்பேரிடம் விஷயம் இருக்கிறது, வாய்தான் இல்லை" என்று அதன் முதல் பக்கத்தில் எழுதியும் இருந்தாய். கோட்டையில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் நான் வாயைத் திறந்ததில்லை. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. உன் தயவில்தான் வந்தது.

அபயம் மூன்றாம் பாரம் தேறிவிட்டாள் என்று உனக்குத் தெரியும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. டிராமில் அனுப்பிப் படிக்கவைக்க உன் அக்காவுக்குச் சம்மதமில்லை. "பக்கத்துல ஸ்கூல் இருந்தாப் படிக்கட்டும், இல்லேன்னா ஜாதகத்தை வெளியில எடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் மாடவீதியில் பெரிய வீடு வைத்திருக்கும் ஒரு புண்ணியவான், பெண்களுக்கு ஹைஸ்கூல் நடத்துவதானால் வாடகையில்லாமல் தருகிறேன், வைகாசி முடிவதற்குள் தெரு சங்கம் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும், தவறினால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று மதுரையிலிருந்து எழுதினார். சங்கத்தில் எல்லோருக்கும் இஷ்டம், கங்காதரன் ஒருவரைத் தவிர. அவருக்கு அந்த வீட்டில் காபி ஹோட்டல் வைக்க ஆசை. வைகாசிக் கடைசி ஞாயிறு மூன்றரை மணிக்குக் கூட்டம். பெண்ணைப் பெற்றவன் என்று என்னையே முன்மொழியச் சொன்னார்கள். நான் செய்ய வேண்டியதெல்லாம் எழுந்து, தீர்மானத்தைப் படித்து, உட்காருவதுதான். ஒரு கிளிப்பிள்ளை போதும்.

நானோ உன் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தேன். அலையோசைக்கு மேல் குரல் எழும்ப வேண்டும் என்று அதில் போட்டிருந்ததால், தினமும் விடியற்காலையில் சாந்தோம் கடற்கரையில் போய்க் கத்தினேன். மீன் கூடையோடு வந்த கங்கம்மா என்கிறவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கடலாண்ட இம்மா நேரம் பேசிக்கினு கீறே, அது எதுனா பதில் சொல்லிச்சா?" என்று கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். மைத்ரேயியில் ஆரம்பித்துக் கார்கியைத் தொட்டு ஔவையாருக்கு வந்தபோது பின்வரிசையில் கை தட்டினார்கள். சபை கை தட்டினால் நிறுத்திப் புன்னகை செய்து, முன்னிலும் உரக்கத் தொடர வேண்டும் என்பது உன் புத்தகத்தின் விதி. நிறுத்தினேன், புன்னகை செய்தேன், தொடர்ந்தேன். மறுபடி தட்டினார்கள். சங்கத்துக் காரியதரிசி நாகராஜன் முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினான். மனுஷன் என்னை உட்காரச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு. கங்காதரன் மட்டும் தட்டவில்லை. "பேசட்டும் சார், நன்னாத்தானே இருக்கு" என்றார். எப்பேர்ப்பட்ட ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆகையால்" என்று நான் தீர்மானத்தைக் கையில் எடுத்தபோது மணி நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் என்பது பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். புத்தகத்தில் அது இல்லை. அக்கிராசனர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரஸ்வதி காரியம், ராகுகாலத்துல கை தூக்கப்படாது. ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம்" என்றார். ஆறு மணிக்குச் சபாவில் பாட்டுக் கச்சேரி. யாரடா உட்காருவான்? நானும் அக்கிராசனரும் நாகராஜனும்தான் மிச்சம். மூணு பேர் கை தூக்கினால் தீர்மானமாகுமோ? வைகாசி வியாழக்கிழமையோடு முடிந்தது. வீடு கங்காதரனுக்குப் போய்விட்டது.

அன்று ஆத்துக்கு வந்தவுடன் அபயம் வாசலுக்கு ஓடிவந்தாள். "அப்பா, தெருக்கோடி வரைக்கும் கைதட்டல் கேட்டுதே, அப்போ ஸ்கூல் வந்துடுத்தா?" என்றாள். அவ்வளவு பேசிய நான் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். குழந்தை புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. உன் அக்கா ஜாதகத்தை எடுத்து மஞ்சள் தடவி வைத்துவிட்டாள்.

ஆகையால் இனி எந்த மேடையிலும் ஏறுவதில்லை என்று கபாலீசுவரர் சந்நிதியில் சத்தியம் செய்துவிட்டேன். உன் புத்தகத்தை இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் எதிர்க்கட்சி வக்கீல் யாருக்காவது கொடு. உன் அகத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். நாலு பேர் கை தட்டாத நல்ல வாழ்வு உங்களுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சுவாமிநாதன்

பி.கு.: பார்சலுக்கு அரக்கு வைக்கும்போது கங்காதரன் வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஹோட்டல் திறப்பு விழாவாம், நான்தான் பேச வேண்டுமாம், ரோஜா மாலையாம். "பெண் கல்வியைப் பத்தியே பேசுங்கோ, அன்னிக்கு நீங்க முடிக்கவே இல்லையே" என்றார். அந்த மனுஷன் எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன். உன் அக்காவுக்குத் தெரியாது, எழுதிவிடாதே. பார்சலைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். எட்டு மணிக்கே மேடை ஏறிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.