தொகுதியைக் காக்கப் போன மாப்பிள்ளை

புது மாப்பிள்ளையாக இருக்கும் காலத்தில் ஆண்களின் வாயில் 'தெரியாது' என்ற சொல் வரவே வராது. (அதற்கப்புறம் வேறு எந்தச் சொல்லும் வராது, அது வேறு விஷயம்.)

2007 வாக்கில் நான் அந்த நிலையில் இருந்தேன். சிதம்பரத்தில் ஒரு டுட்டோரியலில் வரலாற்று வாத்தியார். மாமனார் ஊர் லால்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். சட்டமன்றத் தொகுதிகளை மாற்றிப் பிரிக்கப்போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் கடலூரில் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று பேப்பரில் பார்த்தேன். தொகுதி எல்லைக்கோட்டை யார், எதை வைத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரே ஆர்வம். விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. அலைந்து திரிந்து வரைபடத்தின் ஜெராக்ஸ் ஒன்றைப் பிடித்தேன். ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ். விரித்துவைத்து உற்றுப் பார்த்தேன். ஒரு கறுப்புக் கோடு மாமனார் ஊரை நடுவில் பிளந்துகொண்டு போனது.

"மாமா, கீழத்தெரு ஒரு தொகுதி, மேலத்தெரு ஒரு தொகுதியாப் போவுது" என்றேன்.

மாமனார் முகம் வாடிவிட்டது. "ரோடு கேட்டா, அது அவரு பக்கம்னு ரெண்டு எம்.எல்.ஏ.வும் கைய காட்டிடுவாங்களே மாப்ள! நீங்களே வந்து பேசுங்க."

ஒரு வேன் நிறைய ஆட்களோடு போனோம். படத்தை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டாரே!

மைக்கைப் பிடித்தவன், வெள்ளைக்காரன் வங்காளத்தைப் பிரித்ததிலிருந்து ஆரம்பித்தேன். "எந்த நியாயத்தில் இந்தக் கோட்டைப் போட்டீர்கள்? உடனே இதைக் கிழக்கே தள்ள வேண்டும்!" என்று முழங்கி முடித்தபோது மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையிலிருந்த அதிகாரி என் ஜெராக்ஸை வாங்கி, தன் கலர் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது எல்லைக்கோடு இல்லீங்க. வடவாறு."

ஹாலே சிரித்தது. எங்கள் வேனில் வந்தவர்கள்தான் ஜாஸ்தி சிரித்தார்கள். ஊர் முழுசாக ஒரே தொகுதியில்தான் இருந்தது. மைக்குக்குள் புகுந்துகொள்ள வழியுண்டா என்று பார்த்தேன்.

அப்போது என் மனைவி தேன்மொழி எழுந்தாள். எனக்குத்தான் அர்ச்சனை என்று நினைத்தேன்.

"சார், எம்.ஏ. படிச்ச இவருக்கே ஆறு எது, எல்லை எதுன்னு தெரியல. உங்க கையில இருக்கற கலர் படம் எங்க கையில ஏன் இல்ல? ஊர்ப் பேரெல்லாம் தமிழ்ல எழுதி, எல்லாரும் பாக்கற எடத்துல ஒட்டுங்க. எந்த ஊர எதுக்காக எங்க சேத்தீங்கன்னும் எழுதுங்க. அப்பறமா ஆட்சேபணை கேளுங்க."

சிரிப்பு அடங்கியது. அதிகாரி குறித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் தாலுகா ஆபீஸ் சுவரில் கலர் வரைபடம் ஏறியது. ஊர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று, விரலால் எல்லையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். 'எதுக்காக' என்பதற்கு மட்டும் பதில் ஒட்டவில்லை. தேன்மொழி மனுமேல் மனு போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்கும் வடவாற்றில் தண்ணீர் வரத் தாமதமானால் மச்சினனிடமிருந்து எனக்குத்தான் போன் வரும்.

"மாமா, ஆத்த எங்க தள்ளி வெச்சீங்க? நாத்து காயுது, கொஞ்சம் திருப்பி வுடுங்க!"