டர்ஜின் பாங்கில் போட்ட பணம் ஆணியாகத் திரும்பி வந்த விவரம்

பீவர் ஃபோர்க், மிச்சிகன்
1838, அக்டோபர் முதல் வாரம்

மதிப்பிற்குரிய அசாஹெல் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் டாமரிஸ் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நான் நலம். கனெக்டிகட்டில் நீங்களும் சித்தியும், உங்கள் முழங்கால் உட்பட, நலமாயிருக்க வேண்டுகிறேன். தபால் கூலியைக் கடிதம் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும் என்பதும், இன்னொரு தாள் சேர்ந்தால் கூலி இரட்டிப்பு என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் ஒரே தாளில் எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதுவேன். கண்ணுக்குக் கஷ்டம், பைக்கு லாபம். இரண்டில் எது உங்களுக்குப் பெரிது என்று எனக்குத் தெரியும்.

"டர்ஜின் பாங்க் உடைந்ததாகப் பத்திரிகையில் பார்த்தேன். உன்னைத் திரும்ப அழைத்துவர வண்டி பூட்டுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து குதிரையை அவிழ்த்துவிடுங்கள். பாங்க் உடைந்தது உண்மை, என் பணம் போனதும் உண்மை. ஆனாலும் நான் வருவதாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்திச் சேர்த்த சம்பளம் முழுவதையும் மிஸ்டர் எலிஃபலெட் டர்ஜினிடம் போட்டிருந்தேன். மார்ஸ்டன் நகரத்துப் பெண்கள் கல்விச்சாலையில் சேர்ந்து லத்தீனும் வடிவகணிதமும் படிப்பதற்கான பணம் அது என்பதை உங்களைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை. காலுறைக்குள் வைத்துத் தைத்துக்கொள் என்றீர்கள், நான் கேட்கவில்லை, ஏனென்றால் மிஸ்டர் டர்ஜினின் மளிகைக் கடையில், வெல்லப்பாகுப் பீப்பாய்க்கும் குதிரைச் சேணத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சன்னல் வைத்து ஒரு பாங்க் இருந்தது, அந்த பாங்க் அச்சடித்த நோட்டில் ஒரு கப்பல் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது (எங்கள் ஊர் ஓடையில் வாத்து நடந்துதான் போகும்), அதோடு பணம் போட வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் உள்ளறையில் வரிசையாக நின்ற பீப்பாய்களின் மூடியைத் திறந்து வெள்ளி நாணயங்களைக் காட்டுவார். "வேணும்னா கையை விட்டுப் பாருங்க" என்பார். யாரும் விடமாட்டோம். விட்டால் அந்த மனுஷரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே.

இதற்கிடையில் ஊரில் ஆணிக்குப் பெரிய பஞ்சம். "டெட்ராய்ட்லயே ஆணி இல்லையாம், என்ன பண்றது" என்று மிஸ்டர் டர்ஜின் கையை விரிப்பார். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஹெப்சி, புதுக் கதவுக்கு ஆணி வேண்டுமென்று பழைய கோழிக்கூண்டைக் கொளுத்தி, சாம்பலைச் சலித்து, வளைந்த ஆணிகளைப் பொறுக்கினாள். கோழிகள் இன்றுவரை சமையலறையில்தான் இருக்கின்றன. மனைவியை இழந்த ஜோதம் ப்ளாட் என்ற விவசாயி பாதிக் களஞ்சியத்தைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். காற்றடித்தால் அது முனகும்.

போன மாதம் அரசாங்கத்துப் பரிசோதகர் வந்தார். நல்ல ஆகிருதி. அவரும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திருப்தி என்று எழுதுவதற்காக, உட்கார வேறெதுவும் இல்லாததால், பக்கத்துப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். பீப்பாயைக் கட்டியிருந்த வளையம் தெறித்தது. முதலில் கொஞ்சம் வெள்ளி உருண்டது, அப்புறம் ஆணி, அதற்கப்புறமும் ஆணி, பரிசோதகரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஆணி. எல்லாப் பீப்பாயிலும் அப்படித்தான்: மேலே ஒரு விரற்கடை வெள்ளி, அடியில் முழுக்க ஆணி. சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் கடைக்குள் கூடிவிட்டோம். மிஸ்டர் டர்ஜின் கண்ணை மூடிக்கொண்டார், அடி விழும் என்று நினைத்திருப்பார். ஜோதம் ப்ளாட் குனிந்து ஒரு ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"புது ஆணி," என்றார். "ஒரு துளி துரு இல்ல."

"அடப்பாவி எலிஃபலெட்," என்றாள் ஹெப்சி. "பணம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். ஆணி இருக்கறதையும் சேர்த்தா மறைப்பே? என் கோழிக்கூண்டக் கொளுத்தினேனேடா."

உடைந்த பாங்குகளில் பணம் போட்டவர்கள் எத்தனையோ ஊரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். இங்கேயோ அன்று சாயங்காலமே தராசு வந்துவிட்டது. போட்ட பணத்துக்குத் தகுந்தபடி ஆணியைப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு ஒவ்வொருவரும் தன் தொகையை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். என் நாளேட்டைக்கூடப் பூட்டி வைக்கிறவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். சொன்னேன். கடையே என் பக்கம் திரும்பியது.

"அம்மாடி, இவ்வளவா? கல்யாணத்துக்கா சேர்த்தே?" என்றாள் ஹெப்சி.

"படிக்க."

"நீதான் டீச்சராச்சே. இன்னும் என்ன பாக்கி?"

"டீச்சராப் போனப்புறம்தான் எவ்வளவு பாக்கின்னு தெரிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள், ஆனால் கெட்ட சிரிப்பில்லை. தராசுத்தட்டை என் பக்கம் கொஞ்சம் தாழ்த்தியே நிறுத்தார்கள். நிறைந்த பீப்பாய்கள் என் அறைக்கு உருண்டு வந்தன. சித்தப்பா, லத்தீன் வேண்டுமென்று ஏங்குகிற ஒருத்தி ஆணிப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் என்ன நினைப்பாள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜோதம் ப்ளாட் சவரம் செய்துகொண்டு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எங்கிட்ட பலகை இருக்கு. உங்ககிட்ட ஆணி இருக்கு."

"அதுக்கு?"

"ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா நல்லதுதானே."

"மிஸ்டர் ப்ளாட், என் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நன்றாக யோசித்தார். "டீச்சரம்மாதானே," என்றார்.

மார்ஸ்டனுக்குப் படிக்கப் போக வேண்டும் என்று சொல்லி மரியாதையாகவே மறுத்தேன். அவரும் மரியாதையாகவே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "நீங்க போகணும்னு சொன்ன அந்த மார்ஸ்டன் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் வண்டில பலகை ஏத்திட்டுப் போறேன். தங்குற விடுதி கட்டறாங்க. மரச்சட்டம் நிக்குது, பலகை அடுக்கிக் கிடக்குது, அடிக்க ஆணி இல்லாம அந்தத் தலைமை அம்மா தினம் அழாத குறை" என்றார். சித்தப்பா, அந்த நிமிஷம் என் பெயர் தெரியாத அவரையே மணந்துகொண்டிருப்பேன், நல்லவேளையாக அவர் மறுபடி கேட்கவில்லை. தலைமை அம்மாளுக்கு எழுதினேன். முதல் வருஷத்துக் கட்டணமும் சாப்பாடும் ஆணிக்குச் சரி, மிச்சத்துக்குக் கையில் பணம் தருகிறோம், உடனே வா என்று பதில் வந்துவிட்டது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் போதகரின் தங்கை பார்த்துக்கொள்வாள். ஒரு கூடை ஆணி கூலி பேசி ஜோதமே என்னைத் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். மிஸ்டர் டர்ஜினை ஊரார் சிறைக்கு அனுப்பவில்லை. சபைக்கூடத்துக் கூரையில் ஏற்றிச் சுத்தியலைக் கொடுத்திருக்கிறார்கள். கீழே நின்று ஹெப்சி மேற்பார்வை பார்க்கிறாள், அதற்குச் சிறையே மேல் என்று அவர் நினைக்கலாம்.

ஆகவே எனக்காகக் கவலைப்பட வேண்டாம். பாங்க் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. தனி மனிதர் நடத்தும் எந்த பாங்கிலும் இனி என் காசு ஒன்றுகூடப் போகாது என்று இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி கூறுகிறேன். இதைப் பத்திரமாக வைத்திருங்கள், நான் மறந்தால் எடுத்துக் காட்டலாம். சித்திக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் கூரையையும் உங்கள் முழங்காலையும் இந்தக் குளிரிலிருந்து காப்பாராக.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள (இந்த ஒரு முறை தவிர)
டாமரிஸ்

பின்குறிப்பு: தபால்காரர் வராததால் கடிதத்தைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன். இது மார்ஸ்டனிலிருந்து, குறுக்காக. விடுதியில் என் அறைக்குச் சுவர் அடித்தாகிவிட்டது, கதவு வெள்ளிக்கிழமை வருகிறது. லத்தீன் நேற்றே தொடங்கிவிட்டது. மிச்சப் பணத்தை அறையில் வைத்துக்கொள்ளக் கதவு இல்லாததால், இங்கே மிஸ்டர் வின்ஸ்லோ ஃபென் என்பவர் தன் வீட்டு முன்கூடத்தில் நடத்தும் பாங்கில் போட்டிருக்கிறேன். கோபப்படாதீர்கள், நான் தீர விசாரித்தேன். அவர் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், சித்தப்பா: புதுப் புத்தகத்தில் வெட்டாமல் ஒட்டியே வரும் தாள்கள் எல்லாமே, மேலாக மட்டுமல்ல, கடைசிப் பக்கம்வரை கத்தியால் பிரித்துப் படிக்கப்பட்டிருக்கின்றன.