பூட்டு அண்ணனும் எழுந்திருக்காத சர்வரும்

உலகத்திலேயே அதிகமாகப் பயப்படுகிற மனிதர் ஜமுனாமரத்தூரில் இருக்கிறார். பயப்படுவதற்கென்றே எங்கள் கம்பெனி அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. அந்தப் பணம் வீண்போகவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அவர் பூட்டு அண்ணன்தான். காரணம் அவர் வாய். கம்ப்யூட்டர் உயிர்பெற்று எழுவதை அந்தத் துறையில் 'பூட்' என்பார்கள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எந்நேரமும் போனில், "பூட்டு ஆவுதா? ஆவலையா? மறுபடி பூட்டு பண்ணு" என்று சத்தமாகப் பேசுவார். சந்தைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு, பூட்டு ரிப்பேர்காரர் குடிவந்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். சந்தை நாளில் துருப்பிடித்த பூட்டோடு வாசலில் ஆள் நிற்கும். முதலில் விளக்கிப் பார்த்தார். விளக்குவதைவிட எண்ணெய் விடுவது சுலபம் என்று சீக்கிரமே புரிந்துகொண்டார். பாதிப் பூட்டுகள் திறந்துகொண்டன. தொழில் நிலைத்துவிட்டது.

நான் அப்போது திருப்பத்தூரில் அந்தச் சின்ன கம்பெனியில் போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். சுற்றுவட்டார கிளினிக்குகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைக்கிற மென்பொருள் எங்களுடையது. அது திறக்காவிட்டால் திட்டு வாங்குவது நான். அது ஓடுகிற சர்வரைப் பார்த்துக்கொள்வது பூட்டு அண்ணன். அவர் மனைவிக்கு ஜமுனாமரத்தூரில் நர்ஸ் வேலை. அதனால் அவரும் மலையிலேயே இருந்து வேலை பார்த்தார்.

அவர் பயம் சாதாரணப் பயமில்லை. வீட்டைப் பூட்டும் முன் மனைவியை உள்ளே நிறுத்திவைத்து, வெளியிலிருந்து ஒருமுறை பூட்டித் திறந்து பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் அவசர வழிக் கதவு திறக்குமா என்று கண்டக்டரிடம் கேட்பார். ஒரு கண்டக்டர் கோபத்தில் அதைத் திறந்தே காட்டியிருக்கிறார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு அதற்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாராம்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த வேலை விழுந்தது. சர்வரின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிழடாகிவிட்டது. அதை மாற்றாவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று கிளினிக்குகள் சொல்லிவிட்டன. போனால் எங்கள் எல்லோருக்கும் வேலை போகும். புது சர்வருக்கு மாறவும் வழியில்லை, மென்பொருளின் உரிமம் அந்தப் பழைய இயந்திரத்தோடு கட்டப்பட்டது. அந்த இயந்திரமோ வெளிநாட்டில் எங்கேயோ வாடகைக்கு இருக்கிறது. மற்றவர்களுக்கு, எழுந்திருக்காவிட்டால் அதன் எதிரே திரையும் கீபோர்டும் வைத்து உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் இருப்பார். எங்களுக்கு இல்லை. தூரத்திலிருந்து ஒரே ஓர் இணைப்பு வழியாகத்தான் உள்ளே போகலாம். அந்த இணைப்பும் அதே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நம்பித்தான் இருக்கிறது.

முதலாளி போனில், இதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். பூட்டு அண்ணன் சொன்னார்: "கெணத்துல கயித்தப் புடிச்சி தொங்கறோம் சார். தொங்கிக்கினே அந்தக் கயித்த மாத்தணும்."

அப்படியென்றால் ஒத்திகை பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்றார் முதலாளி.

அண்ணன் ஒத்திகை ஆரம்பித்தார். ஒரு பழைய கம்ப்யூட்டரில் சர்வரை அப்படியே நகலெடுத்தார். அதைப் பக்கத்து அறையில் வைத்தால் ஆசைப்பட்டுப் போய்த் தொட்டுவிடுவோம் என்று, ஜீப் வைத்துக்கொண்டு போய் புதூர்நாட்டில் மச்சான் வீட்டில் வைத்தார். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. தானே போன் பண்ணி அழுதாலும் அதைத் தொடக்கூடாது என்று மச்சானிடம் சத்தியம் வாங்கினார். முதல் ஒத்திகையிலேயே இயந்திரம் படுத்துவிட்டது. அண்ணன் போன் பண்ணி, ஒரே ஒரு தடவை ஸ்விட்சை அணைத்துப் போடும்படி கெஞ்சினார். மச்சான் அசையவில்லை. "நீதான மாமா சொன்ன, அழுதாலும் தொடாதன்னு. இன்னும் நீ அழவே இல்லியே" என்றார்.

ஆக ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு ஜீப் பயணம். ஒவ்வொரு பயணத்திலும் மச்சான் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்புவார். அது திருப்பத்தூர் அலுவலகத்துக்கு வரும். முதல் வாரம் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். போகப்போக பலா வாசனை வந்தாலே ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்துவிட்டோம். ஒரு வழியாகப் பழம் வருவது நின்றதும் முதலாளி நாள் குறித்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளினிக்குகளின் நிலவரத்தை உடனுக்குடன் சொல்ல என்னை மலைக்கு அனுப்பினார்கள். காலையில் ஆரம்பித்த வேலை மதியம்வரை ஒழுங்காகப் போனது. கடைசியில் சர்வரை அணைத்து எழுப்ப வேண்டும். அண்ணன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கட்டளையைக் கொடுத்தார். சர்வர் போனது. அதே நேரம் வெளியே காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. எங்கேயோ மரம் விழுந்து இணைய கேபிள் அறுந்தது, கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது.

அண்ணன் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப காணாம போனது அதுவா, நாமளான்னு தெரியலையேம்மா."

எங்கள் வீடு மலையடிவாரத்தில் சந்தவாசலில் இருக்கிறது, அங்கே இணைப்பு உண்டு. கிடைத்த பஸ்ஸில் ஏறி மலை இறங்கினோம். வழியில்தான் அவர் ஒரு விஷயம் சொன்னார். சர்வருக்குள் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறாராம். எழுந்த பிறகு நாம் உள்ளே போய் எல்லாம் சரி என்று சொல்லாவிட்டால், இணைப்பு கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது தானே ஒரு வழியைத் தேடும். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேட்டேன்.

"ஜமுனாமரத்தூர்லேர்ந்து சந்தவாசலுக்கு பஸ் எறங்கற நேரம், அப்புறம் கொஞ்சம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேபிள் அறுந்தால் இறங்கிப் போகத்தானே வேண்டும், தான் கையால் சரிசெய்துகொண்டிருக்கும்போது அது குறுக்கே வந்துவிடக்கூடாதே என்றார்.

கீழ் வளைவுகளில் சிக்னல் வந்தது. என் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. ஒரு கிளினிக்கிலும் மென்பொருள் திறக்கவில்லை. காணாமல் போனது சர்வர்தான்.

வீட்டில் எங்கள் அப்பா விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் அது மல்லாட்டை. போன் எடுப்பதெல்லாம் ஒரு வேலையா, நின்றுவிடு என்று பல மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அண்ணனைப் பார்த்து, "இன்னா சார், மெஷின் எங்க கீது?" என்று கேட்டார்.

"எந்த ஊர்ல இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார் அண்ணன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் என் ராஜினாமாக் கடிதம் தெரிந்தது.

அண்ணன் லேப்டாப்பைத் திறந்து தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். இல்லை. பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவரும் மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோலைக் கவனமாக முறத்தில் சேர்த்தார். அப்பா பருப்பைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். நான் தாழ்வாரத்தில் நடந்தபடி ஒவ்வொரு கிளினிக்காகப் பேசினேன். முடிவுகளைத் தாளில் எழுதி வையுங்கள், அவசரமான நோயாளி யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். திட்டியவர்களுக்கும் அதையே சொன்னேன்.

லேப்டாப்பில் ஒரு வரி ஓடியது. அண்ணன் தோலும் பருப்புமாகக் கொட்டிவிட்டு எழுந்தார். புது சிஸ்டம், இணைப்பு வந்து சேர்கிற நெட்வொர்க் கார்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டது, பழைய பெயரைத் தேடிய இணைப்பு திணறி நின்றிருக்கிறது. அவர் எழுதி வைத்த நிரல், பெயர் எதுவானாலும் சரி என்று கார்டைக் கண்டுபிடித்துப் பழைய முகவரியைக் கொடுத்து எழுப்பிவிட்டது. ஒவ்வொரு கிளினிக்கிலும் மென்பொருள் திறக்க ஆரம்பித்தது. அண்ணன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அப்பா, எல்லாம் சரியாயிடுச்சா என்று கேட்டார்.

"மெஷின் ஆயிடுச்சிங்க. ஆனா அது இல்லாத நேரத்துல அத்தினி ஆஸ்பத்திரியையும் உங்க பொண்ணுதாங்க தாங்கிப் புடிச்சிது. அது பேசறத கேட்டுக்கினு இருந்ததாலதான் நான் ஓடாம உக்காந்துனு இருந்தேன்."

அப்பா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். அண்ணனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் மலை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு வந்தார். வேலையை விட்டுவிடு என்று அதன்பின் ஒருநாளும் சொல்லவில்லை.

பிறகு நான் சென்னைக்குப் போனேன், நானும் சர்வர் வேலைக்கே மாறினேன். இங்கே எல்லா வசதியும் உண்டு, எழுந்திருக்காத இயந்திரத்தின் திரையை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆனாலும் ஒரு சர்வரை அணைத்துவிட்டு அது திரும்பி வரும்வரையிலான அந்த நிமிடங்களில் மலைக்கு ஒரு போன் போட்டுவிடுவேன். என்ன ஏது என்று பூட்டு அண்ணன் கேட்கமாட்டார். "சரிம்மா, நீ பாரு. நான் லைன்லயே கீறேன்" என்பார்.

இருப்பார்.