மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்ட சம்பவம் குறித்து

திண்டிவனம்

அன்புள்ள மருமகன் சகாய பிரவீனுக்கு, தாய்மாமன் சூசைமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அத்தை இருதயமேரியும் நலம். புனேயில் நீயும் லூசியாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். என்மேல் உனக்கு ஒரு புகார் வந்திருக்கும். அதைத் திறக்காதே. முதலில் இதைப் படி.

நான் ரிட்டயர் ஆனபின் சும்மா உட்காரக்கூடாதென்று ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுத்தாய். கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, "இதுல வைரஸ் வராது மாமா" என்றாய். வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை வெண்ணிலா என்ற பெண் ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். மதியம் விழுப்புரத்தில் அரசு வேலைக்குப் பரீட்சை. பிரிண்டர் ஒரு வரிகூட அடிக்கவில்லை. அணைத்துப் போட்டேன், தட்டினேன், மாதாவை வேண்டினேன், பிறகு யூடியூபில் பார்த்தேன். கறுப்புத் திரையில் உத்தரவுக்கு முன்னால் ‘சூடோ’ என்று சேர்த்தால் நிர்வாகியின் அதிகாரம் வந்துவிடும், பிரிண்டரைத் திரும்ப ஓடவிடலாம் என்று அதில் ஒருவர் சொன்னார். அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. நான் அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டும் செத்துவிட்டதென்று இன்னும் பலமாக அடித்தேன். கடைசியில் இங்கிலீஷில் பதில் வந்தது: சூசைமுத்து அனுமதிப் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.

பிரவீன், சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ வாங்காதவன் நான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, ஜல்தியா எதுனா பண்ணுங்க, பஸ்ஸு போயிடும்" என்றாள் வெண்ணிலா.

"எம்மேல கேஸு ஆயிடுச்சிம்மா" என்றேன்.

போனில் இருப்பதை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பிரிண்ட் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவள் கிளம்பினாள். நானும் கடையைச் சாத்திவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். போலீஸ் தேடி வருவதற்குள் நாமே போய் நிற்பது மரியாதையில்லையா? கூட்டேரிப்பட்டு தாண்டும்போது நான் வாய் ஓயாமல் ஜெபம் சொல்வதைப் பார்த்து, "பரீட்சை எனக்குங்க ஐயா, நீங்க இன்னாத்துக்கு ஜெபம் சொல்லிக்கினு வர்றீங்க?" என்று தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவளுக்குப் பிரிண்ட் கிடைத்தது. மணியடிக்குமுன் அவள் உள்ளே போவதைப் பரீட்சை மைய வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போலீசுக்குப் போனேன்.

சைபர் பிரிவில் கலைப்பிரியா என்றொரு அம்மா இருந்தார்.

"சரண்டராவ வந்திருக்கேங்க" என்றேன்.

"யாரு கம்ப்ளெயின்ட் குடுத்தது?"

"கம்ப்யூட்டருங்க."

முழுவதையும் கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, "அது எங்களுக்கு வராதுங்க. அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு அட்மினோ அவருக்குத்தான் போவும். யாருங்க அட்மின்?" என்றார்.

"எங்கக்கா மவன்" என்றேன்.

உனக்குக் காது குத்தியது என் மடியில். உன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. நான் உட்காரும் கடை, நான் தினமும் துடைக்கும் கம்ப்யூட்டர், அதன் பட்டியலில் என் பெயர் இல்லை! அத்தையிடம் சொன்னால், "இதுக்குப் போயி இன்னா பேஜாரு? புள்ளைக்குப் போன் பண்ணிக் கேளுங்க" என்கிறாள். போனில் கேட்கிற விஷயமா இது? எழுத்து மூலம் கேட்கிறேன். என் பெயரைச் சேர். அந்தப் புகாரைப் படிக்காமலே அழித்துவிடு. உன் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

லூசியாவுக்கு எங்கள் ஆசீர். சகாய மாதா உங்கள் இருவர் பக்கத்திலும் நிற்பாளாக.

இப்படிக்கு,
சூசைமுத்து

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அத்தை உனக்குப் போன் போட்டுவிட்டாள். புனேயில் இருந்தபடியே ஏதோ ஒரு சாஃப்ட்வேர் வழியாக நீ உள்ளே வந்து பிரிண்டரை ஓடவிட்டதும், என் பெயரைச் சேர்த்ததும் சரி. ஆனால், "அந்தக் கம்ப்ளெயின்டெல்லாம் யாரு மாமா படிக்கறாங்க?" என்று சிரித்தாயே, அது சரியில்லை. படிக்காமல் கிடக்கிற புகார் என்றைக்கும் புகாராகவே கிடக்கும். இது என்ன நிர்வாகம்? உடனே அதைத் தேடியெடுத்து, முழுவதும் படித்து, முறையாக விசாரித்து, நான் குற்றமற்றவன் என்று எழுதி அனுப்பவும். கையெழுத்து அவசியம்.